தம்பிக்குக் கணையத்தில் கல்லாம், ஆனால் குடிக்கவே மாட்டான். குமரி மாவட்டத்திலிருந்து எங்கே கொண்டுபோவது?

பால்வெட்டு எழுதியது:

வணக்கம். குலசேகரம் பக்கம் நான். இங்கே வாசிப்பதோடு சரி, இதுவரை எதுவும் எழுதியதில்லை. விஷயம் என் தம்பியைப் பற்றி. வயது 26. பிளஸ் ஒன் படிக்கும்போதிருந்தே மேல்வயிற்றில் வலி வரும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. வந்தால் இரண்டு நாள் தலையணையை வயிற்றில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு திண்ணையில் குனிந்தே உட்கார்ந்திருப்பான், மல்லாந்து படுத்தால் முதுகு வரைக்கும் குத்துகிறது என்பான். ஜங்ஷனில் இருக்கிற ஒரு கிளினிக்கில் வாயு என்று சொல்லி ஒரு ஊசி, ஒரு வாரத்துக்கு மாத்திரை. இப்படியே ஒன்பது பத்து வருஷம் ஓடிவிட்டது.

போன மாதம் வலியோடு வாந்தியும் சேர்ந்துகொண்டதால் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் கணையம் சுருங்கியிருக்கிறது, அதன் குழாய் 8 மில்லிமீட்டருக்கு விரிந்திருக்கிறது, குழாய்க்குள் கற்கள் என்று போட்டிருக்கிறார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 240. எடை 47 கிலோதான்.

அங்கே அவனிடம் முதலில் கேட்ட கேள்வியே "எத்தனை வருஷமா குடிக்கிற?" என்பதுதான். ஸ்கேன் எடுத்த இடத்தில் ஒரு தடவை, வார்டில் ஒரு தடவை, அதுவும் அம்மா பக்கத்தில் நிற்கும்போது. விடியற்காலை மூன்று மணிக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போகிறவன், ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் தூங்கிவிடுவான், எங்கே குடிப்பது? இப்போது அம்மாவே என்னைத் தனியாகக் கூப்பிட்டு "உனக்குத் தெரியாமக் குடிப்பானோ மக்கா" என்று கேட்கிறாள். அதை அவன் கேட்டுவிட்டான். இரண்டு நாளாக யாரிடமும் பேசவில்லை.

டாக்டர் "கேஸ்ட்ரோவைப் பாருங்க" என்று எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார். மாமா ட்ரிவாண்ட்ரம் என்கிறார், மைனி வீட்டுக்காரர்கள் வேலூர் என்கிறார்கள், இன்னொருத்தர் ஆசாரிப்பள்ளமே போதும் என்கிறார். உடனே ஆபரேஷன்தானா, இல்லை மருந்தா? மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) தின்றுதான் வந்தது என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு அம்மா கிழங்கையே வீட்டில் நிறுத்திவிட்டாள், அதுவும் சரியா என்று தெரியவில்லை. அப்பா பெயரில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.


பார்வதிபுரம்_பாலம் எழுதியது:

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், குடிக்காதவர்களுக்கும் இது வரும். நம்ம பக்கத்திலும் கேரளத்திலும் பதினைந்து இருபது வயதிலேயே கணையத்தில் கல், கூடவே சர்க்கரை என்று வருகிற ஒரு வகை இருக்கிறது, அதற்கென்று தனிப் பெயரே உண்டு, டிராபிகல் பாங்க்ரியாடைட்டிஸ். டாக்டர் குடியைப் பற்றிக் கேட்பது கேட்கவேண்டிய கேள்விதான், அம்மா முன்னால் கேட்டதுதான் தப்பு.

அப்புறம் கேஸ்ட்ரோ, அதாவது வயிறு, குடல், கல்லீரல், கணையம் பார்க்கிற ஸ்பெஷலிஸ்ட், அதில் இரண்டு வகை. எம்.டி. முடித்து அதற்கு மேலே டி.எம். படித்தவர் மெடிக்கல் கேஸ்ட்ரோ. மருந்து, எண்டோஸ்கோப்பி, வாய் வழியாகக் குழாய் விட்டுக் கணையக் குழாயைச் சரிசெய்கிற ஈ.ஆர்.சி.பி. எல்லாம் அவர் கை. எம்.எஸ். முடித்து எம்.சிஎச். படித்தவர் சர்ஜிக்கல் கேஸ்ட்ரோ, அவர் கத்தி. நீங்கள் முதலில் பார்க்கவேண்டியது மெடிக்கல் ஆளை. நேரே சர்ஜனிடம் போனால் குடி முழுகிவிடாதுதான், ஆனால் ஒரு சுற்று கூட அலைய நேரும்.

எந்த ஊர் என்பதை இப்போதே முடிவு பண்ணவேண்டாம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் கேட்டுப் பாருங்கள், ரத்த டெஸ்ட்டும் ஸ்கேனும் பெரிய செலவில்லாமல் முடியும், இந்த நோய்க்கு எந்தக் கிழமை யார் பார்க்கிறார்கள் என்று ஓ.பி.யில் விசாரித்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் ஒரு நாள் கூலி போகும். அதற்கு மேலே வேண்டுமென்றால் திருநெல்வேலி மெடிக்கல் காலேஜின் பல்நோக்கு மருத்துவமனை, இல்லை திருவனந்தபுரம். உங்களுக்கு நெல்லையை விட ட்ரிவாண்ட்ரம் பக்கம், மார்த்தாண்டத்திலிருந்து 40 கிலோமீட்டர்தான். ஆனால் ஒன்று, கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளை தாண்டினால் நம்ம அட்டை எல்லா இடத்திலும் செல்லும் என்று நினைத்துப் போய்விடாதீர்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த சிகிச்சை பட்டியலில் இருக்கிறது என்று 104-க்குப் போன் போட்டு விசாரியுங்கள். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. தம்பி பெயர் அட்டையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், என் மச்சினன் விஷயத்தில் அட்மிஷன் போட்டபிறகுதான் பெயர் விட்டுப்போனது தெரிந்தது, அப்புறம் கலெக்டர் ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிய ஓட்டம் இருக்கிறதே.

ரிப்போர்ட் பேப்பர் மட்டும் பத்தாது. சி.டி. எடுத்திருந்தால் ஃபிலிமும் டிஸ்க்கும் கேட்டு வாங்குங்கள். பழைய சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி ஒரு நகைக்கடைப் பையில் போட்டு எங்கே போனாலும் அதையும் தூக்கிக்கொண்டு போங்கள்.


குளச்சல்காரி எழுதியது:

தம்பிக்கு என் அனுதாபம், ஏனென்றால் அந்தத் தலையணை என்னிடமும் இருந்தது. எனக்கு இப்போது 41. பதினேழு வயதில் தொடங்கியது. எனக்கு வாயு என்று சொல்லவில்லை, "கல்யாணம் ஆனா சரியாயிரும்" என்றார்கள். கல்யாணமும் ஆயிற்று, வலியும் இருந்தது.

யாரும் சொல்லாத ஒன்றை முதலில் சொல்கிறேன், கூச்சப்படாமல் தம்பியிடம் கேளுங்கள். வெளிக்குப் போனால் மேலே எண்ணெய் படலம் மாதிரி மிதக்குமா, இரண்டு மூன்று தடவை தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டு நிற்குமா, நாற்றம் அதிகமா? எனக்கு அப்படித்தான் இருந்தது, மீன் எண்ணெய் என்று நினைத்தேன், குளச்சலில் பிறந்து மீன் தின்னாமல் இருக்க முடியுமா. கணையம் கொழுப்பைச் செரிக்கும் நொதியைச் சுரக்கவில்லை என்றால் தின்ற கொழுப்பு அப்படியே வெளியே போகும், எவ்வளவு தின்றாலும் உடம்பில் பிடிக்காது. அந்த 47 கிலோவுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும், கூடவே அந்தச் சர்க்கரையும்.

அதற்கு என்சைம் காப்ஸ்யூல் இருக்கிறது. இங்கேதான் நான் இரண்டு வருஷத்தை வீணாக்கினேன். கேஸ் மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில் போடுவோம் இல்லையா, அதே பழக்கத்தில் இதையும் காலையில் எழுந்ததும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, எட்டரை மணிக்கு இட்லி. ஒரு பலனும் இல்லை, விலை மட்டும் கடிக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர்தான் "நீங்க எப்ப போடுறீங்க" என்று கேட்டார். சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். சோற்றோடு சோறாகப் போகவேண்டிய மருந்து அது, முதல் கவளத்தோடு ஒன்று, பாதி சாப்பாட்டில் இன்னொன்று, மெல்லக் கூடாது. எனக்கு 25,000 யூனிட் காப்ஸ்யூல், மதியம் இரண்டு. தம்பிக்கு எவ்வளவு என்று அவனைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்லவேண்டும். நேரத்தை மாற்றிய நாலு மாதத்தில் நான் 39-லிருந்து 45 கிலோ ஆனேன்.

சர்க்கரையும் சாதாரண சர்க்கரை இல்லை. இன்சுலின் சுரக்கும் செல்லோடு, சர்க்கரை இறங்கினால் தூக்கிவிடுகிற குளுக்ககான் செல்லும் போய்விடுகிறது, அதனால் ஏறினால் ஒரேயடியாக ஏறும், இறங்கினாலும் சட்டென்று இறங்கும். விடியற்காலை மூன்று மணிக்கு ரப்பர் தோட்டத்துக்குப் போகிற ஆளுக்கு இன்சுலின் எழுதினால் வேலை நேரத்தைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். பையில் கற்கண்டோ மிட்டாயோ இல்லாமல் வெளியே அனுப்பாதீர்கள், இருட்டில் மரத்தடியில் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது.

எனக்குக் கடைசியில் ஆபரேஷன்தான் ஆயிற்று. குழாயை நீளவாக்கில் திறந்து கல்லை எடுத்து, தலைப்பக்கத்தில் கொஞ்சம் குடைந்து, சிறுகுடலை இழுத்து அதோடு தைத்துவிடுவார்கள். ஃப்ரே ஆபரேஷன் என்று பெயர். வலி அதோடு விட்டது, முழுக்க இல்லை, வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப்பார்க்கும். சர்க்கரையும் காப்ஸ்யூலும் அப்படியேதான் இருக்கின்றன. ஆபரேஷன் பண்ணினால் எல்லாம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.


கிழங்கும்_சாளையும் எழுதியது:

மரச்சீனிக்கு ஆதரவாக ஒருத்தனாவது பேசவேண்டும் என்பதால் வந்தேன்.

திருவிதாங்கூர் ராஜா விசாகம் திருநாள் 1880-களில் பிடிவாதமாகப் பரப்பிய பயிர் இது, அரிசி கிடைக்காத காலத்தில் நம்ம பாட்டன் பாட்டிகளின் வயிற்றை நிறைத்ததும் இதுதான். 1959-இல் சூய்டெமா என்ற டாக்டர் இந்தோனேசியாவில் ஏழைகளிடம் இந்த நோயைப் பார்த்து எழுதினார், அவர்கள் கிழங்கு தின்கிறவர்கள். பிறகு கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார், இங்கேயும் கிழங்கு. கிழங்கில் சயனைடு தருகிற ஒரு பொருள் இருக்கிறது, புரதம் குறைந்த உடம்பு அதை முறிக்க முடியாமல் கணையம் கெடுகிறது என்று ஒரு கணக்குப் போட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது, நிரூபணம் ஆகவில்லை. கிழங்கையே பார்க்காத ஊர்க்காரர்களுக்கும் இதே நோய் வருகிறது, மூன்று வேளையும் கிழங்கு தின்ற குடும்பத்தில் ஒருத்தருக்கும் வராமலும் இருக்கிறது. பின்னால் ஸ்பிங்க்-1 என்ற ஜீனில் மாற்றம் இருக்கிற ஆட்கள் இந்த நோயாளிகளில் அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். ஆக, தம்பி தின்ற கிழங்கு மேல் பழி போடுவதற்கு ஆதாரம் போதாது.

நம்ம வீடுகளில் எப்படியும் அவித்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தானே தாளிக்கிறோம், அதுதான் சரியான முறை. இப்போது அவனுக்குச் சர்க்கரை இருப்பதால் அளவு பார்க்கவேண்டும், அது வேறு விஷயம். கிழங்கைக் குறைத்துச் சாளை மீனைக் கூட்டுங்கள், புரதமும் ஆச்சு.


ஆரல்_காத்து எழுதியது:

ஒரு வார்த்தை. கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் 48 நாள் கொடுத்துப் பாருங்கள், கூடச் சீந்தில் கொடியும். எங்கள் சித்தப்பாவுக்கு மஞ்சள்காமாலை பறந்தே போய்விட்டது. எதற்கெடுத்தாலும் இங்கிலீஷ் மருந்து, கத்தி என்று ஓடவேண்டாம்.


ராத்திரி_டியூட்டி எழுதியது:

அண்ணாச்சி, கோபப்படாதீர்கள். நான் பதினாலு வருஷமாக நர்ஸ், அதில் ஆறு வருஷம் கேஸ்ட்ரோ வார்டில். உங்கள் சித்தப்பாவுக்கு வந்தது அனேகமாகத் தண்ணீரால் வருகிற ஹெபடைட்டிஸ் ஏ-யாக இருந்திருக்கும், பெரும்பாலும் அது ஒன்றும் கொடுக்காவிட்டாலும் சில வாரத்தில் தானே இறங்கிவிடும், பேர் மட்டும் கீழாநெல்லிக்குப் போகும். ஆனால் கல்லோ கட்டியோ அடைத்து வருகிற மஞ்சளும் இருக்கிறது. உடம்பெல்லாம் அரிப்பு, வெளிக்குச் சுண்ணாம்பு நிறத்தில் போவது, கூடக் காய்ச்சல் குளிர் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அந்த நிலையில் பச்சிலை குடித்துக்கொண்டு பத்து நாள் கழித்து வருகிறவர்களைத்தான் நாங்கள் ஐ.சி.யு.வில் பார்க்கிறோம். சீந்தில் வேண்டவே வேண்டாம். கொரோனா நேரத்தில் கஷாயம் வைத்துக் குடித்துக் கல்லீரல் வீங்கி வந்தவர்களைப் பற்றி நம்ம நாட்டு டாக்டர்களே கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

பால்வெட்டு தம்பிக்கு. உங்கள் தம்பி குடிக்கமாட்டான், நம்புகிறேன். பீடி?

அதை யாரும் கேட்கவில்லை, நீங்களும் எழுதவில்லை. கணையத்துக்குக் குடி எவ்வளவு கெடுதலோ அதற்குப் பக்கத்தில் நிற்பது புகை, கல் சேருவதையும் வலியையும் அது கூட்டும். இருந்தால் முதல் சிகிச்சை அதை விடுவதுதான்.

கல்லைப் பொறுத்தவரை மூன்று வழி. மருந்தும் காப்ஸ்யூலும் கொடுத்துப் பார்ப்பது ஒன்று. கிட்னிக் கல்லை உடைக்கிற மாதிரி வெளியிலிருந்து அதிர்வு கொடுத்துப் பொடியாக்கி, பிறகு ஈ.ஆர்.சி.பி.யில் வாய் வழியாகக் குழாய் விட்டு எடுப்பது இன்னொன்று. 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல்லுக்கு இப்படித்தான் தொடங்குவார்கள். இதற்கான மெஷினும் கைப்பழக்கமும் எல்லா ஊரிலும் இல்லை, ஹைதராபாத்தில் இதை நிறையச் செய்கிறார்கள். மூன்றாவது குளச்சல் அக்கா சொன்ன ஆபரேஷன். எண்டோஸ்கோப்பியில் மூன்று நாலு தடவை முட்டி மோதிவிட்டுக் கடைசியில் ஆபரேஷனுக்கு வருவதை விட, குழாய் விரிந்து வலியும் விடாமல் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே செய்தால் வலி நன்றாகக் குறைகிறது என்று 2020-இல் நெதர்லாந்துக்காரர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதனால் மெடிக்கல் ஆளைப் பார்த்தபிறகு "சர்ஜனிடமும் ஒரு வார்த்தை கேட்கட்டுமா" என்று தைரியமாகக் கேளுங்கள், இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடம் என்றால் நல்லது. அலைச்சல் பெரியதாக இருந்தாலும் வேலூர் சி.எம்.சி.க்கு ஆட்கள் போவது அதனால்தான்.


ஒழுகினசேரி_குமார் எழுதியது:

நடுவில் புகுந்ததுக்கு மன்னிக்கணும். எனக்கு ஸ்கேனில் ஃபேட்டி லிவர் கிரேடு 1. நானும் கேஸ்ட்ரோவைப் பார்க்கணுமா? வயது 44, பீர் எப்பவாவது.


ராத்திரி_டியூட்டி எழுதியது:

குமார், தனியாக ஒரு இழை போட்டிருக்கலாம், பரவாயில்லை. கிரேடை விட்டுத்தள்ளுங்கள், அது பளபளப்பைத்தான் சொல்லும், தழும்பைச் சொல்லாது. கல்லீரலுக்கான ரத்த டெஸ்ட்டில் வருகிற எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் எண்ணிக்கை, உங்கள் வயது, இந்த நாலை வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது, குடும்ப டாக்டரே போட்டுவிடுவார். 1.3-க்குக் கீழே என்றால் ஸ்பெஷலிஸ்ட் வேண்டாம், நடை போதும். மேலே என்றால் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கிற ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார். எடையில் நூற்றுக்கு ஏழிலிருந்து பத்து குறைத்தால் கல்லீரல் வீக்கமும் குறையும். பீருக்கு "எப்பவாவது" என்றால் எத்தனை என்று டாக்டரிடமாவது சரியாகச் சொல்லுங்கள்.


பால்வெட்டு எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், எல்லாருக்கும் பதில் சொல்லாததற்கு மன்னிக்கவும்.

பீடி உண்டு. ஒரு நாளைக்கு ஒரு கட்டு. குடிக்கமாட்டான் என்று உங்களிடம் சத்தியம் பண்ணாத குறையாக எழுதிய நான், பீடியை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை, தோட்டத்தில் எல்லாரும் இழுப்பதுதானே என்று இருந்துவிட்டேன். ராத்திரி டியூட்டி அக்கா கேட்டதை அப்படியே அவனிடம் காட்டினேன். பேசவில்லை, ஆனால் மறுநாள் பீடியும் தீப்பெட்டியும் அடுக்களைத் திண்டில் இருந்தன. இப்போது பதினேழு நாள். நடுவில் இரண்டு தடவை சறுக்கல், அவனே சொன்னான்.

எண்ணெய் மிதப்பது பற்றிக் கேட்டேன். ஆமாம், நாலு வருஷமாக என்கிறான். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

அட்டையில் பெயர் இருந்தது. ட்ரிவாண்ட்ரத்தில் ஒரு மெடிக்கல் கேஸ்ட்ரோவைப் பார்த்தோம், செலவு கையிலிருந்துதான். பெரிய கல் தலைப்பக்கம் இருக்கிறதாம், கணையக் குழாயைக் காட்டுகிற எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்துவிட்டு சர்ஜனோடு சேர்ந்து பேசலாம் என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே. காப்ஸ்யூலும் இன்சுலினும் தொடங்கியாச்சு. பால்வெட்டு நேரத்தைச் சொன்னதும் ராத்திரி அளவைக் குறைத்து எழுதினார். அம்மா கூட வந்திருந்தாள். "இது குடியால வந்ததா சார்" என்று அவளே கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு அவர் தம்பியைப் பார்த்துத்தான் விளக்கினார், அம்மாவைப் பார்த்து இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஒரே ஒரு சந்தேகம் குளச்சல் அக்காவிடம். சோற்றோடு காப்ஸ்யூல் சரி, பால் வெட்டி முடித்து காலை ஏழு மணிக்குக் கடையில் சாயா குடிப்பானே, அதற்கும் போடணுமா? டாக்டரிடம் கேட்க மறந்துவிட்டோம்.


குளச்சல்காரி எழுதியது:

பால் சேர்க்காத கட்டஞ்சாயா என்றால் வேண்டாம். பால் சாயாவோடு ரசவடையும் தின்பான் என்றால் ஒன்று போடச் சொல்லுங்கள், எனக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள், அடுத்த தடவை போகும்போது நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் வைத்து வெயிலில் காயவிடவேண்டாம், சூட்டில் அந்த மருந்து கெட்டுப்போகும். சாயாவுக்குச் சர்க்கரை போடவேண்டாம் என்று கடைக்காரரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவன் சொல்லமாட்டான்.